அவர் விரல் வைத்தால்தான் போன் திறக்கும்: வீட்டுக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

திருநகர் மீனா
2 ஜனவரி 2026, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறவள்தான், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்கு டெங்கு. எட்டு நாள் ஆஸ்பத்திரி. சேர்த்த அன்று ராத்திரி கவுண்டரில் 40,000 முன்பணம் கட்டச் சொன்னார்கள். பணம் அவர் கணக்கில் இருக்கிறது, அவர் போன் என் கையில் இருக்கிறது, திறக்கத்தான் வழியில்லை. பூட்டுத் திறக்கும் நம்பர் கேட்டால் காய்ச்சல் வேகத்தில் பழைய போனின் பூட்டு நம்பரையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். வலது கட்டைவிரலைப் பிடித்து வைத்துப் பார்த்தேன். ட்ரிப் ஏறின கை, வீங்கி, வேர்த்து வழவழவென்று இருந்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்து நாலு தடவை வைத்தேன். ஐந்தாவது தடவை, முப்பது விநாடி கழித்து முயற்சி செய்யவும் என்று வந்தது. அந்த முப்பது விநாடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

தம்பி ஓடிவந்து கட்டினான். கம்பெனி எடுத்துக்கொடுத்த மருத்துவக் காப்பீடு ஒன்று இருக்கிறது என்பதே மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரியும். அட்டை அவர் ஆபீஸ் மெயிலில் இருந்ததாம்.

இப்போது நன்றாக இருக்கிறார். வேலைக்குப் போகிறார். நேற்று புதுவருஷமும் அதுவுமாக பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் கீழே கொட்டினேன். பிஸ்கட் டின்னில் மூன்று பாஸ்புக், அதில் ஒன்றில் கடைசி வரவு 2014. இரண்டு எல்ஐசி பாண்டு. பழைய வாடகை வீட்டின் கரண்ட் அட்டை. மகளுக்குத் தபால் நிலையத்தில் போட்ட செல்வமகள் சேமிப்புப் புத்தகம், இரண்டு வருஷமாக ஒரு வரியும் ஏறவில்லை. மாமியாரின் டெபாசிட் ரசீது, மடித்த இடத்தில் கிழிந்திருக்கிறது.

அவர் சம்பளம் கைக்கு 58,000. வீட்டுக் கடனுக்கு 19,500 போகிறது. நான் தையலில் மாதம் ஆறேழு ஆயிரம் பார்க்கிறேன். பால், காய், மளிகை, ஸ்கூல் வேன் எல்லாம் எனக்கு அத்துப்படி. அதற்கு மேல் உள்ளது அத்தனையும் அவர் தலைக்குள். எழுதிக் கொடுங்கள் என்றால் "எனக்கு என்ன ஆகிவிடப்போகிறது" என்று சிரிக்கிறார்.

போகிக்குள் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். எதை முதலில் எடுப்பது? யூடியூபில் 50-30-20 என்று, அதாவது வரவில் தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20 சதவீதம் என்று பங்கு பிரிக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் கடன் தவணையே மூன்றில் ஒரு பங்கு, அதைப் பார்த்தால் அழுகைதான் வருகிறது.

---

எக்செல் எழில்
2 ஜனவரி 2026, இரவு 11.15

அக்கா, என்னிடம் ஒரு ஷீட் இருக்கிறது. மொத்தம் 14 டேப். வரவு, செலவு, கடன், தங்கம், எல்லாம் தனித்தனி. மாதக் கடைசியில் வட்டப்படம் தானாக வரும். தனிமடலில் அனுப்பட்டுமா?

---

பழைய பேரேடு
3 ஜனவரி 2026, காலை 6.05

மீனா அம்மா, முதலில் உங்கள் வீட்டுக்காரர் தேறி வந்ததற்கு மகிழ்ச்சி. நான் வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எழில் தம்பியின் ஷீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பட்ஜெட்டும் அப்புறம். இப்போது ஒரு முழுத்தாள் எடுங்கள்.

அந்தத் தாளில் தொகை எதுவும் எழுத வேண்டாம். என்னென்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் போதும். எந்த வங்கி, எந்தக் கிளை, கணக்கு யார் பெயரில், நாமினி யார். காப்பீட்டு எண்ணும் அவர்களுடைய அவசர எண்ணும். வீட்டுப் பத்திரம் கடன் கொடுத்த இடத்தில் இருந்தால் அது. பி.எஃப் எண். கைமாற்றாக வாங்கியது, கொடுத்தது. தொகை எழுதச் சொன்னால் ஆண்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது நாமினி. கவுண்டரில் நான் அதிகம் பார்த்த கண்ணீர் இதனால்தான். கல்யாணத்துக்கு முன் கணக்கு தொடங்கியிருப்பார், நாமினி அம்மா என்று இருக்கும். அந்த அம்மாவும் காலமாகி பத்து வருஷம் ஆகியிருக்கும். மனைவி வந்து நிற்பார். அப்புறம் தாசில்தார் ஆபீஸ், வாரிசுச் சான்றிதழ் என்று அலைச்சல். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் நாமினி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், ஒரு நிமிஷ வேலை. 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரித்து எழுதலாம். லாக்கருக்கு மட்டும் ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசைதான்.

ஆனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். நாமினி என்றால் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான். வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும். நாமினியே சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டு அண்ணன் தம்பிகள் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

பி.எஃப் தனிக் கதை. அதில் கல்யாணத்துக்கு முன் கொடுத்த நாமினி நியமனம் கல்யாணம் ஆனதும் செல்லாமல் போய்விடும், புதிதாகக் கொடுக்க வேண்டும். இப்போது ஆன்லைனிலேயே செய்யலாம், ஆதார் இணைந்திருந்தால் போதும். வேலையில் இருக்கும்போது ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பி.எஃப்போடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். இது பல வீடுகளில் மனைவிக்குத் தெரியாது. சில வீடுகளில் கணவனுக்கே தெரியாது.

2014-இல் நின்றுபோன பாஸ்புக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வருஷம் நாமாக வரவு செலவு செய்யாவிட்டால் கணக்கு தூங்கிவிடும். பத்து வருஷம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும். போனாலும் நம் பணம்தான். ஆதார், பான், போட்டோவோடு கிளைக்குப் போனால் திரும்பக் கேட்கலாம். எந்த வங்கி என்றே தெரியாதவர்களுக்கு உத்கம் என்ற ரிசர்வ் வங்கித் தளம் இருக்கிறது, பெயர் போட்டுத் தேடலாம்.

---

பீளமேடு பிரியா
3 ஜனவரி 2026, காலை 9.30

// பட்ஜெட்டும் அப்புறம் //

சாருக்கு வணக்கம். இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. அந்தத் தாள் ஆபத்துக்கு உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீனா அக்கா வீட்டில் 40,000 உடனே புரட்ட முடியாமல் போனது போன் திறக்காததால் மட்டும்தானா? போன் திறந்திருந்தால் அந்தக் கணக்கில் அவ்வளவு இருந்திருக்குமா? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது, அதனால் கேட்கிறேன்.

எங்களுக்கு மாதச் செலவில் ஓட்டை இல்லை. மாதாமாதம் வராத செலவில்தான் ஓட்டை. ஒவ்வொன்றும் திடீரென்று வருகிற மாதிரியே இருக்கும். ஆனால் தீபாவளி எந்த வருஷமாவது வராமல் இருந்திருக்கிறதா?

மூன்று வருஷம் முன்னால் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் எழுத ஆரம்பித்தேன். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ரீடிங் எடுத்த இருபது நாளுக்குள். வீட்டு வரி இரண்டு தவணை, ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. ஜூனில் ஸ்கூல் ஃபீஸ். எல்ஐசி. ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸ். குலதெய்வம் கோயில் போக வேன் வாடகை. என் அண்ணன் பிள்ளைகள் பிறந்தநாள் உட்பட. எல்லாவற்றையும் கூட்டினால் வருஷத்துக்கு 1,46,400. பன்னிரண்டால் வகுத்தால் 12,200. அன்று நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாதம் பிறந்ததும் பன்னிரண்டாயிரம் ரூபாய் செலவாகிவிட்டது மாதிரிதானே? நாங்கள் அதைக் கையில் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது சம்பளம் ஏறிய அன்றே 12,200 இன்னொரு கணக்குக்குப் போகிறது. அதற்கு ஏடிஎம் கார்டு வாங்கவில்லை, போனிலும் சேர்க்கவில்லை. முதல் ஆறு மாதம் திண்டாட்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். அந்த வருஷம் ஜூன் ஃபீஸுக்கு நகையை வைக்கத்தான் வேண்டியிருந்தது. அடுத்த ஜூனில் வைக்கவில்லை.

கரண்ட் பற்றி ஒன்று. முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதக் கணக்கு 500-ஐத் தாண்டினால் நடுவில் கிடைத்த சலுகை விலையும் சேர்ந்து போய்விடும் என்பதைக் கவனிப்பதில்லை. 490-இல் நின்றதற்கும் 510-க்கும் இருபது யூனிட் வித்தியாசம் இல்லை, அதைவிடப் பெரியது. சித்திரை வைகாசியில் நான் வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்ப்பேன். என் மாமனார் என்னை இ.பி. அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

---

உசிலை ராசு
3 ஜனவரி 2026, மதியம் 1.20

பிரியா தங்கச்சி காலண்டரில் ஒன்றை விட்டுவிட்டது. மொய்.

எங்கள் பக்கம் மொய்யைச் சேர்க்காமல் போட்ட பட்ஜெட் பட்ஜெட்டே இல்லை. தை பிறந்தால் பத்திரிகை வரிசையாக வரும். வைகாசி, ஆவணி கேட்கவே வேண்டாம். ஆடியும் மார்கழியும்தான் மூச்சு விடுகிற மாதம். போன வருஷம் எங்கள் வீட்டில் எழுதிப் பார்த்தேன், மொய்யும் செய்முறையும் சேர்த்து 61,000. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீர் தனி.

மீனா அக்கா திருநகர் என்றால் மதுரைதானே, உங்கள் பீரோவில் மொய் நோட்டு இருந்திருக்குமே? அதை எழுதவே இல்லையே. அதுதானே நம் வீட்டுப் பாஸ்புக்!

எங்கள் அம்மாவின் நோட்டு 1998-இலிருந்து இருந்தது. நடுவில் கரையான் அரித்து நாற்பது பக்கம் போய்விட்டது. யார் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் ஒரு கல்யாணத்தில் 500 எழுதினேன். அவர்கள் எங்களுக்கு 2,001 செய்திருந்தார்களாம். மூன்று வருஷம் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அதற்கப்புறம் மிச்சப் பக்கங்களைப் போட்டோ எடுத்து, ஊர்வாரியாகப் பிரித்து எழுதினேன். எழுதும்போது அப்பா பேரையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் ஊரில் மட்டும் ஆறு முத்துக்கருப்பன்.

---

பேராவூரணிக்காரன்
3 ஜனவரி 2026, மாலை 4.00

ராசு அண்ணே, உங்கள் 61,000-க்கே மலைத்துவிட்டீர்களே. எங்கள் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை, கறி விருந்து போட்டு மொய் வாங்குவார்கள். போர் போட, கடன் அடைக்க, பிள்ளையைக் காலேஜில் சேர்க்க மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும். வட்டி கிடையாது. ஆனால் அது கடன். வந்த அன்றே வரவு என்று நினைத்து வண்டி வாங்கியவர்கள் அடுத்த நான்கு ஆடியும் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறார்கள். பழைய பேரேடு சார் சொன்ன தாளில் "கொடுக்க வேண்டியது" பகுதியில் எங்கள் ஊரில் முதல் வரி இதுதான்.

---

திருநகர் மீனா
3 ஜனவரி 2026, இரவு 9.50

பிரியா, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கேட்டது சரிதான். பிறகு பார்த்தபோது அந்தக் கணக்கில் 11,300தான் இருந்தது. போன் திறந்திருந்தாலும் தம்பிதான் வந்திருக்க வேண்டும். இதை முதல் பதிவில் எழுதக் கூச்சமாக இருந்தது.

ராசு அண்ணே, மொய் நோட்டு மாமியாரின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சாவி அவர் இடுப்பில்.

பேரேடு சார், தாளை இன்றைக்கு அவர் முன்னால் வைத்தேன். தொகை வேண்டாம் என்றதும் சரி என்று உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிஷத்தில் பாதி தாள் நிறைந்தது. எனக்குத் தெரியாமல் ஆபீஸ் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஏலச்சீட்டு ஒன்று போட்டிருக்கிறார், 14 மாதம் கட்டியாகிவிட்டது. சண்டை போடலாமா என்று யோசித்து, தாள் முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

---

வாடகைவீட்டு வாசு
4 ஜனவரி 2026, காலை 8.10

சீட்டு பதிவான சீட்டா என்று முதலில் பாருங்கள். நான் குரோம்பேட்டையில் தீபாவளிச் சீட்டு ஒன்றில் 18,000 விட்டவன். தெருவில் எல்லோரும் கட்டினார்கள், நானும் கட்டினேன். ஐப்பசி மாதம் கடைக்குப் பூட்டு.

எனக்குக் காகிதம் பற்றித்தான் சொல்லத் தெரியும். ஒன்பது வருஷத்தில் ஐந்து வீடு மாறியவன், ஒவ்வொரு தடவையும் ஒரு மூட்டையைக் கழித்திருக்கிறேன். போகி என்றதும் எல்லாவற்றையும் எரிக்கக் கிளம்பாதீர்கள். முதல் தடவை நான் எரித்ததில் மகனின் தடுப்பூசி அட்டையும் போய்விட்டது. எரிக்கவே வேண்டாம், கிழித்துப் பழைய பேப்பர் கடையில் போடுங்கள். பான், ஆதார் நகல் இருந்தால் எண் தெரியாதபடி பொடியாகக் கிழிக்க வேண்டும்.

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி இவற்றை எந்தக் காலத்திலும் கழிக்கக் கூடாது. வருமான வரிக் காகிதங்களை எட்டு வருஷமாவது வைக்கிறேன். மிக்ஸி, ஃபிரிட்ஜ் பில்லெல்லாம் இப்போது தெர்மல் தாளில் வருகிறது, வாரண்டி முடிவதற்குள் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். நகை பில்லும் அப்படித்தான்.

வீட்டைக் கழுவுகிற சாக்கில் கேஸ் ட்யூபையும் பாருங்கள். அதில் தேதி அச்சாகியிருக்கும், ஐந்து வருஷத்தில் மாற்ற வேண்டும். சிலிண்டர் கழுத்துப் பட்டையில் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். பி-27 என்றிருந்தால் 2027 ஜூனுக்குள் அதைப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும் என்று அர்த்தம். ஏ முதல் டி வரை மூன்று மூன்று மாதம். தேதி தாண்டியதைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

இன்னொன்று, இருசக்கர வண்டி. 2018 செப்டம்பருக்குப் பிறகு புதிதாக வாங்கிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே வரும். ஐந்து வருஷம் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள், அதனால் ஆறாவது வருஷம் நாமே மறந்துவிடுவோம். எனக்கு அது தாம்பரம் சிக்னலில் தெரிந்தது.

---

பழைய பேரேடு
4 ஜனவரி 2026, காலை 10.30

ஏலச்சீட்டு என்றாலே பயப்பட வேண்டாம். 1982-ஆம் வருஷச் சட்டப்படி பதிவாளரிடம் பதிவு செய்துதான் நடத்த வேண்டும். நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதமாக இருந்தது, 2019 திருத்தத்தில் 7 சதவீதம் வரை என்று ஆனது. மீனா அம்மா, பதிவு எண்ணும் உங்களிடம் கொடுத்த ஒப்பந்தத்தின் நகலும் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இருந்தால் தாளில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் எப்போது எடுக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

செல்வமகள் கணக்கை இந்த வாரமே உயிர்ப்பித்துவிடுங்கள். விட்டுப்போன ஒவ்வொரு வருஷத்துக்கும் குறைந்தபட்சத் தொகை 250 ரூபாயும் அபராதம் 50 ரூபாயும்தான். அதில் இப்போது 8.2 சதவீத வட்டி. எப்போது கட்டினாலும் மாதம் 5-ஆம் தேதிக்குள் கட்டுங்கள். 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த குறைந்த இருப்புக்குத்தான் வட்டி கணக்கிடுவார்கள். ஆறாம் தேதி கட்டினால் அந்த மாதம் வீண். நாளைக்கே 5-ஆம் தேதி, திங்கட்கிழமை.

மாமியாரின் டெபாசிட் எவ்வளவு என்று இங்கே எழுத வேண்டாம். ஒரே வங்கியில் ஒருவர் பெயரில் 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

---

அடுக்களை ராணி
5 ஜனவரி 2026, மதியம் 2.45

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். எல்லாம் சரி. ஆனால் எல்லாவற்றையும் அந்தத் தாளில் எழுதிவிட வேண்டும் என்கிறீர்களே, சிறுவாட்டையுமா?

எங்கள் அம்மா உளுந்து டப்பாவுக்குள் சேர்த்த பணத்தில்தான் என் காலேஜ் ஃபீஸ் போனது. அப்பாவுக்கு அது தெரிந்திருந்தால் சித்தப்பாவின் கடைக்குப் போயிருக்கும். 2016 நவம்பர் 8 ராத்திரி டிவியில் 500, 1000 செல்லாது என்றதும் அம்மா முகம் எப்படிப் போனது என்று இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. 23,500 இருந்தது, எல்லாம் ஐந்நூறாக. மறுநாள் அப்பாவிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அப்பா திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவசரம் என்றால் முதலில் டப்பாவைத்தான் கேட்பார். அம்மா மறுபடி சேர்க்கவே இல்லை.

தாள் எழுதுங்கள் மீனா. ஆனால் நீங்கள் தையலில் சம்பாதிப்பதில் ஒரு பங்கு தாளுக்கு வெளியே இருக்கட்டும்.

---

எக்செல் எழில்
5 ஜனவரி 2026, மாலை 7.00

// ஒரு பங்கு தாளுக்கு வெளியே இருக்கட்டும் //

அக்கா, இது சரியில்லை. புருஷன் ரகசியமாகச் சீட்டு போட்டால் தப்பு, மனைவி ரகசியமாகச் சேர்த்தால் சாமர்த்தியமா?

---

அடுக்களை ராணி
5 ஜனவரி 2026, மாலை 7.25

தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

---

பழைய பேரேடு
5 ஜனவரி 2026, இரவு 8.40

அந்த நவம்பர், டிசம்பர் முழுக்க நான் கவுண்டரில் இருந்தேன். பெண்கள் கொண்டுவந்த நோட்டுகளில் பெருங்காய வாசனை அடிக்கும், மஞ்சள் ஒட்டியிருக்கும். ஒரு பாட்டி தலையணையைப் பிரித்து எடுத்ததாகச் சொன்னார், நோட்டோடு இலவம் பஞ்சும் வந்தது. பலர் மெதுவாக, "வீட்டுக்குத் தெரிய வேண்டாம் சார்" என்றார்கள். பாஸ்புக்கில் ஏறினால் தெரியத்தானே செய்யும்?

எழில் கேட்டதும் நியாயம், ராணி அம்மா சொன்னதும் நியாயம். இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என் மனைவியும் இதைப் படிப்பார். ஆனால் டப்பாவில் வேண்டாம். உங்கள் பெயரில் தனிக் கணக்கு வைத்து, தபால் நிலையத்தில் மாதாமாதம் கட்டுகிற சேமிப்பான ஆர்.டி. ஒன்று போடுங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஐந்து வருஷம்.

---

பீளமேடு பிரியா
6 ஜனவரி 2026, காலை 11.00

எழில், உங்கள் 14 டேப் ஷீட்டை உங்கள் வீட்டில் யார் யார் திறந்து பார்த்திருக்கிறார்கள்?

---

எக்செல் எழில்
6 ஜனவரி 2026, காலை 11.40

நான் மட்டும். அம்மாவிடம் லிங்க் அனுப்பினேன், குட் மார்னிங் படம் திருப்பி அனுப்பினார்.

இந்தத் திரியைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அந்த ஷீட்டிலிருந்து ஒரு பக்கத்துக்குச் சுருக்கிப் பெரிய எழுத்தில் அச்செடுத்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சாமி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டப்போகிறேன். கடவுச்சொல் எதுவும் அதில் இல்லை, யாரும் திட்ட வேண்டாம்.

---

உசிலை ராசு
6 ஜனவரி 2026, மதியம் 12.30

நடுவில் ஒரு சந்தேகம். அரிசி மூட்டை 25 கிலோ எழுதுவதா 26 கிலோ எழுதுவதா? எங்கள் வீட்டுக் கணக்கில் இதனாலேயே மாதம் ஒரு கிலோ உதைக்கிறது.

---

வாடகைவீட்டு வாசு
6 ஜனவரி 2026, மதியம் 12.50

26 எழுதுங்கள் அண்ணே. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. மில்காரர்கள் சிப்பத்தில் ஒரு கிலோ கூட்டிவிட்டார்கள். வரி இல்லை, மூட்டைதான் மாடிப்படி ஏறும்போது கனக்கிறது.

---

திருநகர் மீனா
14 ஜனவரி 2026, இரவு 9.15

போகி முடிந்தது. இதுவரை ஆனதைச் சொல்கிறேன்.

தாள் முடிந்துவிட்டது. இரண்டு நகல். ஒன்று பீரோவில், ஒன்று தம்பி வீட்டில். செல்வமகளுக்கு 5-ஆம் தேதி மதியமே போய்க் கட்டிவிட்டேன், தபால் நிலையத்தில் அந்த அம்மா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாப்பா வளர்ந்திருக்குமே" என்றார். பி.எஃப் நியமனம் அவரே உட்கார்ந்து மாற்றினார். சார் சொன்ன மாதிரியே அதில் அவர் அம்மா பெயர்தான் இருந்தது. மாமியார் பக்கத்தில் இருந்தார். என் பெயரை ஏற்றும்போது என்ன சொல்வாரோ என்று பயந்தேன். "பிள்ளைகள் பேரையும் சேர்த்துப் போடு" என்றார், அவ்வளவுதான். மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து மொய் நோட்டையும் அவராகவே கொடுத்தார். 112 பக்கம். போட்டோ எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது, அதில் ஒன்றரை மணி நேரம் அவர் கதை சொன்னது.

சீட்டு பதிவு பெற்றதுதான், எண் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சண்டையைப் போட்டுவிட்டேன்.

நடக்காதது பிரியாவின் கணக்கு. கூட்டிப் பார்த்தேன், மொய் உட்பட வருஷத்துக்கு 1,32,000. மாதம் 11,000. எங்களால் இப்போது முடியாது. நாலாயிரத்தில் ஆரம்பித்திருக்கிறோம். ஜூனில் ஸ்கூல் ஃபீஸுக்கு வளையல் போகும் என்று இப்போதே தெரிகிறது. 2014 பாஸ்புக் இன்னும் பிஸ்கட் டின்னில்தான். அந்தக் கிளை வேறு வங்கியோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது, பொங்கல் லீவு முடிந்ததும் போக வேண்டும்.

இன்று சாயங்காலம் அவராகவே போனைக் கொண்டுவந்து என் விரலைப் பதியச் சொன்னார். இரண்டு கை கட்டைவிரலையும் பதித்தேன். அப்புறம், "உன் போனைக் கொடு, என் விரலையும் பதித்துவிடுவோம்" என்றார். ஒரு நிமிஷம் ராணி அக்கா ஞாபகம் வந்தது. தையல் பணத்தின் ஆர்.டி. மெசேஜ் அதில்தானே வரும்? கொடுத்துவிட்டேன். அதனால் என்ன, பருப்பு டப்பா வேறு இடத்துக்கு மாறிவிட்டது.

---

அடுக்களை ராணி
14 ஜனவரி 2026, இரவு 9.30

எங்கே என்று மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள்.

---

பழைய பேரேடு
14 ஜனவரி 2026, இரவு 9.55

இங்கே எழுத வேண்டாம். ஆனால் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும் அம்மா. மகளிடமாவது சொல்லி வையுங்கள்.

---

திருநகர் மீனா
14 ஜனவரி 2026, இரவு 10.05

அவளுக்கு எட்டு வயது சார். நாளைக்குப் பொங்கப்பானை பொங்குவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.